அற்புதமேரி கட்டிய காவல் மாடம்

இருதய அருண் என்ற இளம் சாமியார் அந்தோனியார்பேட்டைக்குப் பங்குத்தந்தையாக வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாகர்கோவில் பக்கத்துக்காரர். மூன்று மொழி தெரியும், கிடார் வாசிப்பார், பிரசங்கத்தை இருபது நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார். இத்தனை தெரிந்தவருக்கு, விழுப்புரம் ஜில்லாவில் மாடம் என்றால் என்ன என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

2009-ஆம் வருஷம் கோயிலுக்கு நூறு நிறைந்தது. ஜூன் மாதத் திருவிழாவுக்கு வழக்கமான சீரியல் செட்டும் தேரும் போதாது, கோயில் தோட்டத்தில் பைபிள் காட்சி ஒன்று நிரந்தரமாக நிற்கவேண்டும் என்று சாமியார் ஆசைப்பட்டார். ஏசு சொன்ன கதைதான். ஒருவன் திராட்சைத் தோட்டம் போட்டு, வேலி அடைத்து, நடுவில் காவல் மாடம் கட்டி, குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூர் போகிறான். அந்த மாடம்தான் கதைக்கே உயிர் என்பது சாமியாரின் கட்சி. தோட்டத்தை அடுத்தவனிடம் ஒப்படைத்தாலும் கடவுள் தன் கண்ணை அங்கே வைத்துவிட்டுத்தான் போகிறார், அதற்கு அடையாளம் அந்தக் கோபுரம் என்பார். அனந்தபுரம் பக்கத்தில் திராட்சைக்கு எங்கே போவது? பாகற்கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் திராட்சை மாதிரிதான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். காய் காய்க்காத வரைக்கும் அது எடுபடும்.

மாடம் கட்டும் வேலை கண்ணையன் மேஸ்திரிக்குப் போனது. அனந்தபுரத்துக்காரர், அறுபது வயது, ஐயனாரைக் கும்பிடுகிறவர் என்றாலும் கோயில் காம்பவுண்டுக்குள் எந்தக் கட்டட வேலையும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். தோட்டத்துக்கு நடுவில் ஒரு காவல் மாடம் வேண்டும், உறுதியாக இருக்கவேண்டும், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியவேண்டும் என்று சாமியார் போனில் சொன்னார். சொல்லிவிட்டு வருஷத் தியானத்துக்குப் போய்விட்டார். தியானத்தில் பத்து நாளைக்கு போன் கிடையாது.

எங்கள் பக்கம் மாடம் என்றால் சுவரில் விளக்கு வைக்கிற குழி. இரண்டாவது அர்த்தம் ஒன்று இருப்பதாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. கண்ணையன் யோசித்துப் பார்த்தார். காவல் மாடம் என்றால் காவல் சாமிக்கு விளக்கு வைக்கிற மாடம். கிறிஸ்தவர்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது போலும், இருக்கட்டும், நல்லதுதானே. காவல் சாமி விஷயத்தில் அரைகுறை வேலை ஆகாது என்று மூன்றடி ஆழத்துக்குக் கடைக்கால் தோண்டி, கருங்கல் போட்டு, ஆறடிச் சதுரத்தில் மேடை எழுப்பி, மேடை நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு வளைவு வைத்த ஓர் அழகான மாடத்தைக் கட்டினார். சுண்ணாம்பும் அடித்தார். அடித்த கையோடு திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் போடக் கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சாமியார் திரும்பி வந்தபோது மாடத்துக்குள் பதினேழு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அந்தோனியார்பேட்டைச் சனங்களுக்குக் கும்பிட ஓர் இடம் கிடைத்தால் போதும், ஏன் எதற்கு என்று கேட்கிற பழக்கம் கிடையாது. ஐயனாரைக் கும்பிடும் அடுத்த தெருக்காரர்கள் தங்கள் பங்குக்கு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்திருந்தார்கள். சாமியார் அந்த மாடத்தை மூன்று தடவை சுற்றி வந்தார். காவல்காரன் வேஷத்தில் ஓர் ஆள் கோபுரத்தின் மேல் நின்று சனங்களைப் பார்ப்பான் என்று நோட்டீஸ் அடித்து நாலு ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. வரும் ஞாயிறு திருவிழா.

திண்டிவனத்துக்குப் போன் போட்டார். கம்பி கட்டியாகிவிட்டது, தளம் போடாமல் நகர முடியாது, சனிக்கிழமைக்கு முன்னால் வர வழியில்லை என்று கண்ணையன் கைவிரித்தார். கோபுரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் பங்குக்கு வருத்தமும் பட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பங்குப் பேரவை கூடியது. பேரவைச் செயலாளர் சூசைமுத்து ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை கசங்காமல் ஒரு நாளைக் கழிப்பதுதான் அவருடைய பெரிய சாதனை. தெரிந்த கொத்தனார்கள் நாலு பேருக்கும் போன் போட்டுப் பார்த்துவிட்டார், நாலு பேரும் வெளியூர் வேலையில் இருந்தார்கள். விழுப்புரத்தில் மேடை அலங்காரம் செய்கிற ஒருவன் தெர்மகோலில் கோபுரம் செய்து, கல் மாதிரி காகிதம் ஒட்டித் தருவான் என்று யோசனை சொன்னார். அதன்மேல் ஆள் நிற்க முடியுமா என்று சாமியார் கேட்டார். ஆளையும் தெர்மகோலில் செய்துவிடலாம் என்றார் சூசைமுத்து.

மாடம் எப்படி மாடமாகப் போனது என்று விசாரிப்பதற்காக அந்தக் கூட்டத்துக்கு அற்புதமேரியையும் வரச் சொல்லியிருந்தார்கள். கண்ணையனிடம் சித்தாள் வேலை செய்கிறவள். மாடத்துக்குக் கலவை தூக்கினவள் அவள்தான்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. 93-இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மூன்றாம் மாதமே வேலைக்குச் சேர்ந்தாள். கலவை நிரம்பிய இரும்புப் பாண்டைத் தலையில் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாகப் பதினாறு வருஷம் போயிருந்தது. நடுவில் மேஸ்திரிக்கு முட்டிவலி வந்தது. வந்ததிலிருந்து உள்சுவர்களை எல்லாம் அற்புதமேரிதான் கட்டினாள். கற்றுக்கொடுத்ததும் கண்ணையன்தான், அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் வீட்டைக் கட்டச் சொன்ன சொந்தக்காரருடைய வண்டிச் சத்தம் ரோட்டில் கேட்டால் போதும், "கரண்டியக் குடு" என்று கையை நீட்டுவார். அவள் கொத்துக்கரண்டியைக் கொடுத்துவிட்டுப் பாண்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வாள். பொம்பளை கட்டின சுவர் என்று தெரிந்தால் குடிவர பயப்படுவார்கள் என்பது மேஸ்திரியின் நியாயம். அனந்தபுரத்திலிருந்து கண்டாச்சிபுரம் வரைக்கும் எத்தனையோ குடும்பங்கள் அவள் கட்டின சுவர்களுக்குள் நன்றாகத் தூங்கி எழுந்துகொண்டுதான் இருக்கின்றன. சுவர் பூச்சுக்குள் மறைந்தது, அவள் பேரும் கூடவே மறைந்தது. அது அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

கூட்டத்தில் எல்லாரும் பேசி ஓயட்டும் என்று காத்திருந்து எழுந்து நின்றாள்.

"நான் கட்டறேன் ஃபாதர்."

சூசைமுத்து சிரித்தார். சித்தாள் கோபுரம் கட்டி இந்த ஜில்லாவிலேயே கேள்விப்பட்டதில்லை என்றார். அதுவும் கோயில் இடம், சாமியார்கள் நடமாடுகிற இடத்தில் பொம்பளை உயரத்தில் ஏறி நிற்பது எந்த ஊர் மரியாதை என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள்.

"சனிக்கெழமைக்கு சனிக்கெழமை முட்டி போட்டுக்கினு பிரார்த்தனையில மாதாவக் கோபுரமேன்னு கூப்புடுறோம்" என்றாள் அற்புதமேரி. "மாதா பொம்பளதான? பொம்பள கோபுரமா நிக்கலாம், கோபுரம் கட்டக் கூடாதா?"

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டு, நாலு நாளில் முடியுமா என்று கேட்டார். அவள் விரல்விட்டு எண்ணவில்லை, யோசிக்கவும் இல்லை, மனசுக்குள் அதைக் காலையிலேயே கட்டி முடித்திருந்தாள்.

"அஞ்சடிக்கு அஞ்சடி, பத்தடி ஒசரம். ஒரு நாளைக்கு மூணு அடிக்கு மேல எழுப்ப மாட்டேன், ஈரச் சொவரு ஒக்காந்துடும். ஏழடியில ஆளு நிக்கிற எடத்துக்கு கான்கிரீட்டு வாணாம், காயறதுக்கு நாள் இல்ல. செஞ்சியிலேர்ந்து கல்லுப் பலகை எறக்கிக் குடுங்க. கடைக்காலு மேஸ்திரி போட்டது, ஆனை ஏறினாலும் தாங்கும். அந்த மாடத்த இடிக்க வாணாம். அது உள்ள இருக்கட்டும், சுத்தி சொவரு எழுப்பி ரோட்டுப் பக்கம் வாசல் உட்டுடறேன். மெழுகுவத்தி வக்கிறவங்க வச்சிக்கட்டும்."

இத்தனை விவரமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. பேச யாரும் விட்டதில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் காம்பவுண்டுக்குள் புதிதாக எது கட்டினாலும், திருவிழாப் பூசை முடிந்ததும் கட்டினவர் பேரை மைக்கில் சொல்லிக் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள். வேலை செய்தவர்கள் பத்துப் பேராக இருந்தாலும், மேல்வரிசைச் செங்கலை யார் வைத்தார்களோ அவர் பேர்தான் மைக்கில் வரும். கண்ணையன் மூன்று தடவை சால்வை வாங்கியிருக்கிறார். மூன்றாவது சால்வை சாமியார் வீட்டுச் சமையலறைக்கு. அதன் நாலு சுவரையும் கட்டியவள் கூட்டத்தில் நின்று கைதட்டியிருக்கிறாள்.

"சால்வ பெரிசில்ல ஃபாதர்" என்றாள். "மைக்குல எம் பேரச் சொல்லிக் கூப்புடணும்."

சாமியார் உடனே தலையசைத்தார். சூசைமுத்து குறுக்கே புகுந்தார். மேல்வரிசை வைக்கிறவர் பேரைச் சொல்வதுதான் வழக்கம், அதில் மாற்றம் கிடையாது, யார் வைக்கிறார்களோ அவர்கள் பேர் வரும் என்றார். சனிக்கிழமை கண்ணையன் வந்துவிடுவார் என்ற தெம்பு அவருக்கு. அற்புதமேரிக்கும் அந்தக் கணக்கு புரியாமல் இல்லை. அதற்குள் முடித்துவிடலாம் என்ற தைரியத்தில் சரி என்றாள்.

புதன்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பமானது. சங்கவி என்ற பெண் சித்தாளாக வந்தாள். சனிக்கிழமை மத்தியானத்தோடு கிளம்பிவிடுவேன், அண்ணன் பிள்ளைக்குத் திருவாமாத்தூர்க் கோயிலில் மொட்டை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அற்புதமேரி தனக்குக் கிடைத்த முதல் சித்தாளை மகராணி மாதிரி நடத்தினாள். நிறையப் போடாதே, அரைப் பாண்டு போதும், ஏணியில் மெதுவாக ஏறு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வேலையைவிட வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பெரியது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்டிருக்கிறவர்கள் அதைப் பரண் என்றார்கள், காட்டுப்பன்றி வந்தால் இங்கிருந்தே சத்தம் போடலாம் என்றார்கள். செஞ்சிக் கோட்டையில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, எதிரிப் படை வருவதைப் பார்க்கக் கட்டினது என்றார் ஒரு பெரியவர். ஐயனார் குதிரையில் உட்கார்ந்து பார்க்கிறார், உங்கள் சாமி கோபுரத்தில் நின்று பார்க்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது செல்போன் டவர். ஆளுக்கொரு கோபுரம் தெரிந்தது. அற்புதமேரிக்கு வரிசை பிசகாமலிருக்க இழுத்துக் கட்டின நூல் மட்டும்தான் தெரிந்தது. நூலைவிட்டு ஒரு செங்கல் வெளியே வந்திருந்தாலும் தட்டி உள்ளே தள்ளினாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறடி ஆனது. வெள்ளிக்கிழமை கல்லுப் பலகைகளை எட்டு ஆண்கள் கயிறு போட்டு ஏற்றினார்கள். எங்கே இறக்கவேண்டும், இன்னும் எத்தனை விரற்கடை நகர்த்தவேண்டும் என்று மேலே நின்று அவள்தான் சொன்னாள். கல் உட்கார்ந்ததும் அதன்மேல் இரண்டு தடவை குதித்துக் காட்டினாள். சாமியார் கீழே சிலுவை போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சங்கவி திருவாமாத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். சுற்றி நின்ற ஆண்களில் ஒருவன்கூடப் பாண்டைத் தொடவில்லை. பொம்பளை கட்ட ஆம்பளை கலவை தூக்குவதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமியார் வேட்டியை மடித்துக்கொண்டு வந்தார், அதைப் பார்த்துப் பேரவைக்காரர்கள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அற்புதமேரி யாரையும் கெஞ்சவில்லை. தானே இறங்கி, தானே கலந்து, தானே தூக்கி, தானே கட்டினாள். இரண்டு மணிக்கு முடியவேண்டிய வேலை நாலரைக்கும் முடியவில்லை. இரண்டே இரண்டு வரிசை பாக்கி. அப்போதுதான் ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது.

கண்ணையன் வந்துவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தார். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து நாலு மூலையிலும் விட்டுப் பார்த்தார். வாசல் நிலையைத் தடவினார், கல்லுப் பலகைக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தார். சூசைமுத்து பின்னாலேயே போனார், ஏதாவது குறை சொல்வாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு.

"பிசகல" என்றார் கண்ணையன். சட்டையைக் கழற்றிப் பாகற்பந்தல் காலில் மாட்டிவிட்டு, ஏணியில் ஒரு படி ஏறி, மேலே பார்த்துக் கையை நீட்டினார். "கரண்டியக் குடு மேரி. ரெண்டு வரிசதான, நான் முடிச்சிடறேன். நீ களைச்சிப் போயிருக்க பாரு."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். பதினாறு வருஷப் பழக்கம், அவளைக் கேட்காமலே அவள் கை கரண்டியோடு பாதி தூரம் கீழே போய்விட்டது. கீழே சூசைமுத்து நிம்மதியாக மூச்சு விடுவதை அவள் பார்த்தாள். கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன் மேஸ்திரி."

பெரியவர் கேட்கிறார், மரியாதையாக இறங்கு என்று சூசைமுத்து அதட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணையனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"உங்க மேல கோவம் இல்ல. இந்தத் தொழிலு நீங்க குடுத்தது, சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா வண்டிச் சத்தம் கேட்டா கரண்டி குடுக்கறது இத்தோட சரி. கீழேர்ந்து எழுப்பிக்கினு வந்தது நானு, மேல்வரிசையும் நான்தான் வப்பேன். நீங்க வந்ததும் நல்லதாப் போச்சிங்க. இங்க மேல கலவ தீந்துபோச்சி. ஒரு பாண்டு வேணும்."

கண்ணையனுக்கு முகம் சிவந்தது. பாண்டைத் தலையில் வைத்து அவருக்கு முப்பது வருஷம் ஆகிறது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிப் போனால் என்ன ஆகும் என்று அற்புதமேரிக்குத் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து வேலை கிடையாது. கண்ணையன் வேண்டாம் என்று ஒதுக்கின சித்தாளைச் சுற்று வட்டாரத்தில் எந்த மேஸ்திரியும் சேர்க்கமாட்டான். தெரிந்துதான் சொன்னாள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

கண்ணையன் ஏணியிலிருந்து இறங்கினார். சட்டை மாட்டியிருந்த பந்தல் காலைப் பார்த்தார். அப்புறம் கோபுரத்தை இன்னொரு தடவை கீழிருந்து மேல்வரைக்கும் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறிச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்தார். மண்வெட்டியை எடுத்துக் கலவையைப் புரட்டிப் பாண்டை நிரப்பினார். அரைப் பாண்டு இல்லை, முழுப் பாண்டு. நிரப்பிவிட்டுச் சூசைமுத்துவைப் பார்த்தார்.

"தூக்கி உடுங்க."

சூசைமுத்து தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் குனிந்து இரண்டு கையாலும் பாண்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தண்ணீர்க் கலவை சட்டை முன்பக்கம் முழுக்க வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் ஏணியில் இருந்தது.

முட்டிவலிக்காரர் ஒவ்வொரு படியாக ஏறினார். ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த படி. அற்புதமேரி மேலே கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறினவருக்குக் கை கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், கொடுக்கவில்லை. பாண்டு ஏறும்போது குறுக்கே கை வரக்கூடாது என்பது சித்தாளுக்குத்தான் தெரியும். அடுத்த வரிசைக்கு நூலை இழுத்துக் கட்டினாள்.

கண்ணையனின் தலை கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சு அடங்கும் வரை காத்திருந்து, கீழே நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எங்க வக்கட்டும் மேஸ்திரி?"

அற்புதமேரி கரண்டியால் இடத்தைக் காட்டினாள்.